அதிகாரிகளுக்கு பேரிடர் பயிற்சி குடுக்குறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்: குமரி மாவட்ட அனுபவம்

பேரிடர் மேலாண்மை படிச்சிட்டு இப்போ புதுசா நிறைய பேரு விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), பஞ்சாயத்து செயலர்னு அரசு ஊழியர்களுக்கு பயிற்சி எடுக்க வர்றாங்க. நல்ல விஷயம். ஆனா நாகர்கோவில்ல சமீபத்துல ஒரு வகுப்புல பின்னாடி உக்காந்து பார்த்தா, நாங்க எல்லாம் ஆரம்பத்துல பண்ணுன அதே தப்பு வரிசையா வருது. மைக் சரியில்ல, ஸ்லைடுல எழுத்து சின்னது, இதெல்லாம் தானா சரியாயிடும், விடுங்க. சனங்க வயித்துல அடிக்குற தப்ப மட்டும் சொல்றேன்.

வேற ஊரு புயல வச்சு பாடம் எடுக்குறது

ஒடிசா புயல் பாதுகாப்பு மையம் போட்டோவ காட்டி முக்கால் மணி நேரம் பேசுறாங்க. ஒடிசாக்காரங்க பண்ணுனது பெரிய காரியம்தான், ஆனா குமரி கடற்கரையில தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆளுங்க தங்கல் தொழிலுக்கு, அதாவது கடல்லயே தங்கி மீன் பிடிக்க போனா கரை திரும்ப வாரக்கணக்கு ஆகும். 2017 நவம்பர் 30 அன்னைக்கு ஒக்கி சில மணி நேரத்துல புயலா மாறுனப்போ அவங்க ஏற்கனவே ஆழ்கடல்ல இருந்தாங்க, கரையில எத்தன மையம் கட்டி வச்சிருந்தாலும் அவங்களுக்கு என்ன பிரயோஜனம்? எச்சரிக்கை நடுக்கடல்ல கிடக்குற படகுக்கு எப்படி போய் சேரும்ங்கறதுதான் இங்க முதல் பாடமா இருக்கணும்.

அப்புறம் கள்ளக்கடல். காத்து இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சுனு இருக்கும், தெக்க எங்கேயோ இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச காத்துல கிளம்புன அலை இங்க வந்து ஏறும். 2024 மே மாசம் ராஜாக்கமங்கலம் பக்கம் லெமூர் பீச்சுல 5 மருத்துவ மாணவர்கள் அலையில போனாங்க. இத சொல்லாம குமரியில ஒரு வகுப்பு முடியக்கூடாது.

சேதக் கணக்கெடுப்ப மத்தியான சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரத்துல முடிக்குறது

இதுதான் எனக்கு இன்னைக்கும் ஆத்திரம் வர்ற தப்பு. கயிறு கட்டுறது, ஸ்ட்ரெச்சர் தூக்குறதுனு ஒரு முழு நாள் போகும். நிவாரணப் பட்டியல் எப்படி போடணும்ங்கறதுக்கு மட்டும் நேரம் இருக்காது, "அதான் ஃபார்ம் இருக்கே, நிரப்புனா போதும்"னு முடிச்சிடுவாங்க. புயல் ஒரு ராத்திரிதான், பட்டியல்ல பேரு விட்டுப் போன குடும்பம் அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கும்.

ஒரு பயிற்சியில வெளி மாவட்டத்துல இருந்து மாறி வந்த ஒரு தம்பி, "அடங்கல் இருக்கே சார், அதப் பார்த்து எழுதிடலாம்"னு சொன்னாரு. அடங்கல்னா எந்த நிலத்துல என்ன பயிர்னு எழுதி வைக்குற கிராமப் பதிவேடு. அவர் மேல தப்பு இல்ல, அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. மத்தியானமே எல்லாரையும் பக்கத்துல ஒரு வாழைத் தோட்டத்துக்கு கூட்டிட்டு போனோம். அங்க ஒரு அக்கா, ஏத்தன் (நேந்திரம்) வாழை போட்டிருக்காங்க, நிலம் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்தது, எல்லாம் வாய்ப்பேச்சுதான், ஒரு துண்டு காகிதம் கிடையாது. நில உடமைக்காரரு வெளிநாட்டுல. அந்தக்கா ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள சுருட்டி வச்சிருந்த பள்ளிக்கூட நோட்ட எடுத்துக் காட்டுனாங்க. கன்னு வாங்குன காசு, உரம், ஊன்று கம்பு, கூலி, எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கு. "காத்துல சாஞ்சா பணம் யாருக்குக்கா வரும்?"னு கேட்டோம். "பட்டா யாருக்கோ அவிங்களுக்குத்தான், எனக்கு கடன்தான்"னாங்க. அந்தத் தம்பி அந்த நோட்ட வாங்கி ஒவ்வொரு பக்கமா புரட்டிக்கிட்டே இருந்தாரு.

33 சதவீதத்துக்கு மேல சேதம்னா நிவாரணம்னு விதி இருக்கு. அந்த சதவீதத்த எல்லாரும் மனப்பாடமா சொல்றாங்க, பயிர் வச்சது யாருன்னு எப்படி கண்டுபிடிக்கணும்னு யாரும் சொல்லிக் கொடுக்குறதில்ல. ரப்பரும் அப்படித்தான். மரம் முறிஞ்சா தோட்டக்காரர் பேரு பட்டியல்ல வரும், புதுசா வச்ச கன்னு வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும், அதுவரைக்கும் பால் வெட்டுறவருக்கு வேலை எங்க? கடற்கரையில தலையில மீன் சருவம் (பாத்திரம்) சுமந்து மீன் விக்குற அம்மாக்கு படகும் இல்ல, லைசென்ஸும் இல்ல, கடலுக்கு ஆள் போகலன்னா அன்னைக்கே அடுப்பு எரியாது. இவங்க யாருமே ஃபார்ம்ல வர மாட்டாங்க.

காணாமப் போனவங்க விஷயம் இன்னும் கொடுமை. சட்டப்படி 7 வருஷம் தகவல் இல்லன்னாத்தான் இறந்ததா எடுத்துக்குவாங்க. ஒக்கியில அரசாங்கம் தனியா முடிவெடுத்து அந்தக் காத்திருப்ப தளர்த்த வேண்டி வந்துச்சு. அந்த நாட்கள்ல அரசு சொன்ன எண்ணிக்கையும் ஊர் சொன்னதும் ஒத்தே வரல. கொச்சியில இருந்து கிளம்புற படகுல நம்ம ஊரு ஆளு, பக்கத்து ஊரு ஆளு, வெளி மாநிலத்து ஆளுன்னு கலந்துதான் போவாங்க, அத எந்த ஒரு ஆபீஸ் ரிஜிஸ்டர் பார்த்தும் எழுத முடியாது. எந்தப் படகுல யாரு போனாங்கனு பேரு பேரா சொன்னது பங்குகள்தான், அதாவது ஊர் கத்தோலிக்க கோயில்கள்தான், அன்பியம் (பங்குக்குள்ள இருக்குற சின்ன சின்ன குடும்பக் குழு) வாரியா குடும்பங்கள அவங்களுக்குத் தெரியும். ஆனா ஃபாதர மட்டும் கூப்பிட்டு உக்கார வச்சா போதும்னு நினைக்காதீங்க, வீட்டுக்குள்ள யாரு படுக்கையில இருக்கா, யாரு வாடகைக்கு இருக்கானு அந்தத் தெரு பெண்களுக்குத்தான் தெரியும்.

அதனால இதுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்க. ஒரு தெருவ எடுங்க, ஆபீஸ் ரெக்கார்ட வச்சு ஒரு பட்டியல் போட சொல்லுங்க. அப்புறம் சுயஉதவிக் குழு பெண்கள் ரெண்டு பேரோட அதே தெருவுல நடந்து இன்னொரு பட்டியல். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, விட்டுப் போன பேர சத்தமா வாசிக்க சொல்லுங்க. அதுக்கு மேல நீங்க லெக்சர் எடுக்கத் தேவையே இருக்காது.

மாக் டிரில் (பேரிடர் ஒத்திகை)

ஊர்க்காரங்க இல்லாம நடத்தாதீங்க.

மாறிப் போறவங்களுக்கு மட்டும் பயிற்சி

தாசில்தார், பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) எல்லாம் ரெண்டு வருஷத்துல டிரான்ஸ்ஃபர். அவங்களுக்கும் வேணும்தான், ஆனா தலையாரி, அங்கன்வாடி டீச்சர், தண்ணி திறந்து விடுறவர் இவங்கதான் அடுத்த வெள்ளத்துக்கும் அதே ஊர்ல இருப்பாங்க, இவங்கள முன்வரிசையில உக்கார வைங்க. வகுப்புல போட்ட தெருப் பட்டியல ஊராட்சி ஆபீஸ்ல ஒரு பிரதி விட்டுட்டு வாங்க.

தேதி

மார்ச் மாசம் நிதி தீரணும்னு அவசரமா நடத்தாதீங்க. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஆளுங்க வீட்ல இருக்குறது அப்பதான். கடலோர ஊர்னா வகுப்ப அந்த ரெண்டு மாசத்துல போடுங்க, ஞாயித்துக்கிழமை காலையில பூசை நேரத்த மட்டும் விட்டுடுங்க.