கோபத்தில் வெடிக்கும் மாணவன்: யூதப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

அமெரிக்காவின் யூதப் பள்ளிகள் பலவற்றில் பாதி நாள் தோராவும் (யூத வேதம்) ஹீப்ருவும், மீதி நாள் கணக்கும் அறிவியலும். ஆசிரியர்களும் வேறு வேறு. காலையில் மேசையைக் கவிழ்த்தவனைப் பற்றி மதிய ஆசிரியருக்குத் தெரியாமலே போகும்.

ஆகவே முதல் வேலை, இருவருக்கும் ஒரே நோட்டு. இரண்டு வாரம் எழுதுங்கள்: மணி, பாடம், வெடிப்பதற்குச் சற்று முன் நடந்தது, எத்தனை நிமிடம், எப்படி அடங்கியது. "திமிர் பிடித்தவன்" என்று எழுதினால் நோட்டு வீண். "புத்தகத்தை எறிந்தான்" என்பதே குறிப்பு.

அடுத்து, திரும்பத் திரும்ப வரும் நேரத்தைத் தேடுங்கள். நீண்ட நேரம் நின்று செய்யும் வழிபாடாக இருக்கலாம். பூரிம், பெசாக் பண்டிகைச் சமயத்தில் கால அட்டவணை குலைவதாக இருக்கலாம். ராஷி என்ற இடைக்கால அறிஞர் வேதத்துக்கு எழுதிய உரையின் வாசிப்பைக் கட்டாயம் கவனியுங்கள். அது தனி எழுத்துவடிவில், பெரும்பாலும் உயிரொலியைக் காட்டும் குறிகள் இல்லாமல் அச்சாகிறது. எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளையை எழுப்பி உரக்க வாசிக்கச் சொன்னால், நாற்காலியை உதைப்பது அவனுக்குச் சுலபம். நீங்கள் வெளியே அனுப்புவீர்கள், வாசிப்பிலிருந்து தப்பித்துவிடுவான். தண்டனை என்று நீங்கள் நினைப்பது அவனுக்குப் பரிசு.

மாற்று வழி: வாசிக்கப்போகும் இரண்டு வரிகளை முந்தின நாளே கொடுங்கள். ஹவ்ரூதாவில் (இருவர் சேர்ந்து படிக்கும் முறை) இணையோடு வாசித்த பிறகு வகுப்பின் முன் வாசிக்கட்டும். ஓர் அட்டையும் கொடுங்கள். காட்டினால் 5 நிமிடம் வெளியே போகலாம். எங்கே, யாரிடம் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கோபத்தில் அந்த அட்டையைப் பிடுங்கினீர்களோ, அதோடு அதன் பயன் போயிற்று.

வெடித்துவிட்டால் இரண்டு கை தூரம் தள்ளிப் பக்கவாட்டில் நின்று, தாழ்ந்த குரலில் ஒரே வரி சொல்லுங்கள். மற்ற பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகலாம். பயிற்சி இல்லாதவர் அவனைப் பிடித்து இழுக்கக் கூடாது. காரணமும் கேட்காதீர்கள். கோபவேளையில் தோழனைச் சமாதானம் செய்யாதே என்று ரபி (யூத குரு) ஷிமோன் பென் எலஆசார் சொன்னது பிர்கே ஆவோத் என்ற யூத நீதிமொழித் தொகுப்பின் 4ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வகுப்பறைக்கென்றே சொன்னதுபோல!

அடங்கி அரை மணி போனபின் தனியாகப் பேசுங்கள். பிறர் முன் அவமானப்படுத்துவதை ரத்தம் சிந்துவதற்கு ஒப்பிடுகிறது தால்முத் என்ற யூதச் சட்ட நூல். "ஏன் செய்தாய்?" என்றால் தோள் குலுக்கல்தான் கிடைக்கும். "வாசிக்கும்போது எந்த இடம் கஷ்டம்?" என்று கேளுங்கள். கவிழ்ந்த நாற்காலிகளை இருவருமாக நிமிர்த்துங்கள்.

பெற்றோரிடம் புகாரை வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள் (யாருக்காவது அடிபட்டால் அன்றே). வெள்ளி மாலை சபாத் (யூதரின் வார ஓய்வுநாள்) தொடங்கிவிட்டால் அதைக் கடைப்பிடிக்கும் வீடுகளில் போன் எடுக்க மாட்டார்கள். வெள்ளி மதியம் சொன்ன புகார் சனி இரவுவரை சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருக்கும்.