தாமரைக் கதவு வாங்கக் கிளம்புகிறீர்களா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழைய கதவு வாங்கப் புதிதாக வருகிறவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கையில் போன், போனில் ஒரு படம், "இதே மாதிரி தாமரை போட்ட கதவு இருக்கா?" தலைவாசலிலிருந்து ஜன்னல் வரை வீடு முழுக்கத் தாமரை என்று ஒரே வேலைப்பாடாக வைக்க ஆசைப்படுவார்கள், நல்ல யோசனைதான். உளுத்த மரத்தை வாங்காதீர்கள், பேரம் பேசுங்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், அதை விட்டுவிட்டு, பலரும் செய்கிற மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

வாசலைக் கட்டிவிட்டுக் கதவு தேடுவது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மதுரையில் தெரிந்தவர் ஒருவர், கொத்தனார் வழக்கம்போல மூன்றரைக்கு ஏழு அடி விட்டுக் கட்டி முடித்த பிறகு, செட்டிநாட்டு வீடொன்றிலிருந்து வந்த பர்மா தேக்கு இரட்டைக் கதவை வாங்கி வந்தார். நிலை, அதாவது கதவைச் சுற்றியிருக்கும் மரச்சட்டம், அகலம், வாசலுக்குள் போகவில்லை. சரி, நிலை வேண்டாம், கதவு மட்டும் போதும் என்று முடிவு செய்தார்கள். அதுவும் பெரிதாக இருந்ததால் ஆசாரி இரண்டு ஓரத்திலும் ரம்பத்தை ஓட்டிவிட்டார். ஓரத்துத் தாமரைகள் பாதி இதழோடு நிற்கின்றன. எந்தத் தாமரைக்காக அவ்வளவு காசு கொடுத்தாரோ, அதையேதான் வெட்டியிருக்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. பழைய கதவுகள் பலவற்றில் கீல் கிடையாது. கதவின் ஓரச் சட்டத்தில் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமி, நிலையில் இருக்கும் குழியில் உட்கார்ந்து சுழலும், கதவின் மொத்த எடையும் கீழ்க்குழியில் இறங்கும். குடுமியை அறுத்துவிட்டுக் கீல் போட்டால் அந்த எடையெல்லாம் நாலு திருகாணியில் தொங்கும். கனமான கதவு, காய்ந்து இறுகிய மரம், கொஞ்ச நாளில் திருகாணி பிடி விட்டுக் கதவு தரையில் இழுக்க ஆரம்பிக்கும். அவர் வீட்டில் அரைவட்டமாக டைல்ஸில் கீறல் விழுந்திருக்கிறது.

ஆகவே நிலையோடு சேர்த்து முதலில் கதவை வாங்குங்கள், நிலையின் வெளி அளவைக் கொத்தனாரிடம் கொடுத்து அதற்கேற்ப வாசல் விடச் சொல்லுங்கள். வீடு ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா? கதவை வெட்டாமல் கூடத்துச் சுவரில் நிறுத்தி வையுங்கள், அழகாகத்தான் இருக்கும்.

எங்கு பார்த்தாலும் தாமரை

தலைவாசல், பூஜையறை, கூடத்து ஜன்னல், இவ்வளவு போதும். மற்றதெல்லாம் வேலைப்பாடில்லாத பழைய மரமாக இருக்கட்டும். வேறு வேறு வீட்டிலிருந்து வந்த தாமரைகள் ஒரே மாதிரி இருக்காது, இதழ் எண்ணிக்கைகூட மாறும். பொருந்தவில்லையே என்று புதுசாகச் செதுக்கி இடையில் சொருகாதீர்கள், அதுதான் துருத்திக்கொண்டு தெரியும்.

பெயின்டைச் சுரண்டுவது

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் உப்புத்தாளை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், அந்தத் தூசு ஆபத்து. காஸ்டிக் சோடாவில் முக்கித் தருகிறேன் என்பவரிடமும் கொடுக்க வேண்டாம், தேக்கு கறுத்துப்போய், நுணுக்கமான செதுக்கல் முனை மழுங்கிவிடும்.

கஜலட்சுமி உருவம் செதுக்கிய பலகையை டீப்பாய் ஆக்குவது

வேண்டாம். வருகிற மாமியார், பெரியம்மா யாரும் அதில் காபி டம்ளரை வைக்க மாட்டார்கள்.

உயரம்

பழைய உள்வாசல்கள் குட்டை. வாங்கும் முன் வீட்டிலேயே உயரமான ஆளைக் கடைக்கு அழைத்துப்போய் நிலைக்குக் கீழே நிற்க வையுங்கள்.