அமியோடரோன் சாப்பிடுகிறவர் வீட்டில் கவனிக்க வேண்டியவை

இதயத்தின் கீழறை தறிகெட்டு ஓடும் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா வந்து ஐ.சி.யூ.வில் கிடந்து வீடு திரும்புகிற பலருடைய மருந்துச் சீட்டில் அமியோடரோன் இருக்கும். துடிப்பை அடக்குவதில் கெட்டிக்கார மருந்து, ஆனால் உடம்புக்குள் நுழைந்தால் லேசில் வெளியேறாது. பாதி வெளியேறவே சராசரியாக 50 நாளுக்கு மேல் ஆகும்.

அதனால்தான் ஆரம்பத்தில் அதிக அளவில் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். எந்தத் தேதியில் எத்தனை மாத்திரை என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். குறைக்க மறந்து பழைய அளவையே மாதக்கணக்கில் விழுங்குவது ஆபத்து. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது.

200 மி.கி. மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 75 மி.கி. அயோடின் இருக்கிறது, தைராய்டு கூடவும் செய்யும் குறையவும் செய்யும் என்பது இதனால்தான். ஆரம்பத்திலேயே டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை, கல்லீரல் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. எடுத்திருப்பார்கள், முதல் இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்ப எடுக்க வேண்டும். டாக்டர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். வறட்டு இருமல், படியேறினால் புதிதாக மூச்சு வாங்குவது, இதையெல்லாம் சளி என்று விட்டுவிடாதீர்கள், நுரையீரல் பாதிப்பாக இருக்கலாம். வெயிலில் தோல் சீக்கிரம் கன்றிப்போகும், முழுக்கைச் சட்டை நல்லது.

அப்புறம் மற்ற மாத்திரைகள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் அளவுக்கு மீறி இளகிவிடும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி பார்த்து டாக்டர் வார்ஃபரின் அளவைக் குறைப்பார். இதயத்துக்கான டிகாக்ஸின் மாத்திரையின் அளவைப் பெரும்பாலும் பாதியாக்குவார்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையான சிம்வாஸ்டாடின் ஒரு நாளைக்கு 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது. கிரேப்ஃப்ரூட் (பம்பளிமாஸ் போன்ற பழம்) வேண்டாம். காய்ச்சல், தொண்டை வலி என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் அசித்ரோமைசின், லிவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இதோடு சேர்ந்தால் துடிப்பையே கெடுக்கக்கூடியவை. வயிற்றுப்போக்கு நீடித்தாலும் பொட்டாசியம் இறங்கி அதே ஆபத்துதான், டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள். படபடப்போடு தலை சுற்றினாலோ மயங்கி விழுந்தாலோ யோசிக்காமல் 108.

மாத்திரையின் பெயரையும் அளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். நிறுத்திய பிறகும் சில மாதங்கள் அது அங்கேயே இருக்கட்டும், ஆபரேஷன் என்று போனால் மயக்க மருந்து டாக்டர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.