நானோ தூளைக் கையாளும்போது: பேட்டரி ஆய்வகத்தில் நான் கடைப்பிடிக்கும் முறை

"இந்தக் கார்பன் நானோகுழாய் ஆபத்தானதா சார்?" புதிதாகச் சேர்கிற மாணவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நானோகுழாய் என்பது கார்பனாலான மிக மெல்லிய குழாய் வடிவத் துகள். இப்போது தூளாக இருக்கிறதா, ஸ்லரியில், அதாவது கூழ் போன்ற கலவையில், கலந்துவிட்டதா, எலக்ட்ரோடில் (பேட்டரியின் மின்முனையில்) ஒட்டிக் காய்ந்துவிட்டதா என்று நான் திருப்பிக் கேட்பேன். பைண்டர் என்ற பசை பிடித்துக்கொண்ட துகள் லேசில் காற்றில் கிளம்பாது. டப்பாவைத் திறந்து உலர்ந்த தூளை நிறுக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் எனக்குக் கவலை.

100 நானோமீட்டருக்கும் குறைவான துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். நீளமாகவும் விறைப்பாகவும் இருக்கும் பலசுவர் நானோகுழாய்கள் (ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த குழாய்கள்) எலிகளின் உடலில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழையைப் போலவே அழற்சி உண்டாக்கியதை 2008-ல் வந்த ஆய்வு காட்டியது. நானோகுழாய்க்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் 2013-ல் பரிந்துரைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். சோலார் செல்லில் பயன்படும் மிக நுண்ணிய டைட்டானியம் டையாக்சைடுக்கு அதே அமைப்பு சொல்வது 300 மைக்ரோகிராம். நானோ என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம்.

பொருளோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளைப் படியுங்கள், ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள். நானோகுழாய்க்குச் சாதாரண கிராஃபைட்டின் வரம்பைப் போட்ட தாள்களை நானே பார்த்திருக்கிறேன்.

நிறுப்பதில்தான் எனக்கும் மாணவர்களுக்கும் சண்டை. ஃபியூம் ஹூட்டுக்குள், அதாவது காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டுக்குள், தராசை வைத்தால் எண் நிற்காமல் ஆடும். உடனே ஃபேனை நிறுத்திவிடுவார்கள். அது கூடாது. காலி பாட்டிலை மூடியோடு வெளியே நிறுத்துக்கொள்ளுங்கள். ஹூட்டுக்குள் கொண்டுபோய்த் தூளைப் போட்டு, இறுக மூடி, வெளிப்புறத்தை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் மறுபடி நிறுங்கள். வித்தியாசம்தான் தூளின் எடை. ஹூட்டின் வாயில் காற்று வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர் அளவில் இருந்தால் போதும். வேகத்தை ஏற்றினால் சுழல் உண்டாகி, தூள் உங்கள் பக்கமே வரும்.

இதைவிட நல்ல வழி, ஏற்கெனவே திரவத்தில் கலந்து வரும் நானோகுழாயை வாங்குவது. ஆனால் அந்தத் திரவம் என்எம்பி என்ற கரைப்பான் என்றால் வேறு தொல்லை. அது கருவைப் பாதிக்கக்கூடியது, நைட்ரைல் கையுறை அதை அதிக நேரம் தாங்காது. பியூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும். நீரில் கலந்தது கிடைத்து, உங்கள் வேலைக்கும் ஒத்துவந்தால் யோசிக்கவே வேண்டாம்.

மாஸ்க் பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது: நானோ துகள், தூசு வடிகட்டும் என்95 மாஸ்க்கின் ஓட்டைகளில் புகுந்துவிடும் என்று. உண்மையில் மிகச் சிறிய துகள்கள் தாறுமாறாக அலைந்து இழைகளில் முட்டி ஒட்டிக்கொள்கின்றன. வடிகட்டியில் அதிகம் தப்புவது நடுத்தர அளவுத் துகள்கள்தான். கசிவு பெரும்பாலும் முகத்துக்கும் மாஸ்க்குக்கும் இடையில். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு பொருந்தாது. சர்ஜிகல் மாஸ்க் இந்த வேலைக்கே இல்லை.

சுத்தம் செய்ய விளக்குமாறு, காற்றுப் பீச்சி, வீட்டு வாக்கும் கிளீனர் மூன்றையும் தொடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியை இரட்டைப் பையில் கட்டிப் பொருளின் பெயரை எழுதி ரசாயனக் கழிவில் போடுங்கள். நானோ அலுமினியம் போன்றவை விதிவிலக்கு: தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வரும், தீயும் பிடிக்கும். நானோ சிலிக்கானை அரைத்த பால் மில் (உருண்டைகளால் அரைக்கும் இயந்திரம்) ஜாடியையும் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள். ஆறவிட்டு, ஆர்கான் வாயு நிரப்பிய க்ளவ் பாக்ஸுக்குள் (கையுறை பொருத்திய மூடிய பெட்டிக்குள்) திறங்கள்.

அப்புறம், சரியாக வராத எலக்ட்ரோடைப் பிளேடால் சுரண்டும்போது அது திரும்பவும் உலர்ந்த தூள்தான். ஹூட்டுக்குள் வைத்து, நனைத்த பிறகே சுரண்டுங்கள்.