ஆர்ட்டீமியா குஞ்சுகளுக்கு டார்ச் காட்டிப் பாருங்கள்

வேலூரிலிருந்து கடல் பார்க்க வேண்டுமானால் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனால் இறால், நண்டு இனத்துச் சிற்றுயிர்கள் வெளிச்சத்துக்கு எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். தூத்துக்குடி உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியா என்ற, இறால் இனத்துச் சிற்றுயிரின் முட்டை, மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கிறது. பார்ப்பதற்குக் காப்பிப் பொடி மாதிரி இருக்கும். ஒரு சிட்டிகை போதும்.

படி 1: உப்புத் தண்ணீர். அரை லிட்டர் தண்ணீருக்கு 12 கிராம் கல்லுப்பு. தராசு இல்லையென்றால், பொடித்துத் தேக்கரண்டியில் தட்டையாக இரண்டு போடுங்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு எடுங்கள், குளோரின் போகட்டும்.

படி 2: பொரிக்க வைப்பது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரை ஊற்றி, முட்டையைத் தூவி, மீன் தொட்டிக் காற்றுக் குழாயை அடிவரை விடுங்கள். முட்டை ஓரிடத்தில் படியாமல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். முதல் சில மணி நேரம் விளக்கு வெளிச்சம் படட்டும். நனைந்த முட்டைக்குள் வளர்ச்சி தொடங்க ஒளியும் தேவை. 26 முதல் 28 டிகிரி வெப்பம் நல்லது. நம் ஊரில் இதுதான் சிக்கல். சித்திரை மாதத்தில் பாட்டிலை மொட்டை மாடியில் வைத்தேன், ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. அடுத்த முறை சமையலறையில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலையில் தண்ணீரே ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தது.

படி 3: டார்ச். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். காலி ஓடு மேலே மிதக்கும், பொரிக்காத முட்டை அடியில் தங்கும். நடுத் தண்ணீரைக் குழாயால் ஒரு கண்ணாடித் தட்டுக்கு மாற்றுங்கள். அறையை இருட்டாக்கி, தட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் செல்போன் டார்ச்சை வையுங்கள். சில நிமிடங்களில் ஆரஞ்சுப் புள்ளிகள் எல்லாம் அந்த ஓரத்துக்கு வந்து குவியும். டார்ச்சை எதிர்ப்பக்கம் கொண்டு போனால், அந்தக் கூட்டம் கலைந்து மெல்ல மெல்ல அங்கே போய்ச் சேரும்.

காட்பாடியிலிருந்து வந்திருந்த அக்கா மகள் இதைப் பார்த்துவிட்டு, "மாமா, அதுங்களுக்கு வெளிச்சம்னா பசி தீருமா?" என்று கேட்டாள். இல்லை. பொரித்த உடனே அது எதுவும் சாப்பிடுவதில்லை. உடம்பிலிருக்கும் மஞ்சள் கருதான் அதற்கு உணவு. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: அரை மில்லிமீட்டர்கூட இருக்காத உடம்பு, தலை நடுவில் ஒரே ஒரு கரும்புள்ளி. அதுதான் கண். மூன்று சிறு கிண்ணங்கள் சேர்ந்த மாதிரியான அமைப்பு. உருவம் தெரியாது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். வளர்ந்த பிறகுதான் இரண்டு பக்கமும் காம்பில் கூட்டுக்கண் (பல சிறு கண்கள் சேர்ந்த கண்) வரும்.

வண்ணக் காகிதத்தை டார்ச்சில் ஒட்டி, எந்த நிறம் பிடிக்கும் என்று பார்க்கச் சிலர் ஆசைப்படுவார்கள். காகிதம் வெளிச்சத்தின் அளவையும் குறைத்துவிடும், அதனால் பதில் நிறத்தைப் பற்றியதாக இருக்காது. தொடக்கத்திலேயே அதில் இறங்க வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தை நோக்கிப் போவது வேறு, வெளிச்சத்தை வைத்துத் திசை கண்டுபிடிப்பது வேறு. ஐரோப்பியக் கடற்கரைகளில் டாலிட்ரஸ் என்ற, மணலில் தத்தும் சிற்றுயிர் உண்டு. பகலில் ஈர மணலுக்குள் புதைந்திருக்கும். காய்ந்த மணலில் விட்டால் கடல் பக்கமாகத் தத்தும். 1950களில் பார்டி, பாப்பி என்ற இரண்டு இத்தாலிய ஆய்வாளர்கள், அது சூரியனைத் திசைகாட்டியாகப் பயன்படுத்துகிறது என்று காட்டினார்கள். சூரியனை மறைத்து, கண்ணாடியால் வேறு பக்கத்திலிருந்து ஒளியைத் திருப்பினால் அதன் திசையும் மாறியது. இத்தாலியின் மேற்குக் கரையில் பிடித்ததைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். எதிரே கடல் இருக்க, அது மேற்கே, நிலத்தை நோக்கித் தத்தியது! சூரியன் நகர நகர அதற்கேற்பக் கோணத்தையும் மாற்றிக்கொள்கிறது, உடம்புக்குள்ளே கடிகாரம் இருப்பதால். நம் ஆர்ட்டீமியாக் குஞ்சிடம் இந்தத் திறமையைத் தேடாதீர்கள். அது டார்ச் இருக்கும் இடத்துக்கே வரும்.

படி 4: முடித்த பிறகு. குஞ்சுகளைச் சாதாரண வடிகட்டும் துணியில் அல்ல, மிக நெருக்கமான நெசவுத் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி, வீட்டு மீனுக்குப் போடலாம். கப்பி மீன் பாய்ந்து வந்து தின்னும். மிச்ச முட்டையைக் காற்று புகாத டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள்; ஈரம் பட்டால் அடுத்த முறை பொரிக்காது.