வேலூர் வெயிலில் ஊசியிலைச் செடி வளர்ப்பது எப்படி?

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய பேச்சு ஒன்று உண்டு. அப்படிப்பட்ட ஊரில் ஊசியிலை மரமா என்று என் வீட்டிலேயே சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததிலும் தவறில்லை. ஊட்டியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த கோல்டன் சைப்ரஸ் என்ற ஊசியிலைச் செடி, அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் விறகாகிவிட்டது. மலைக்குளிரில் வளர்ந்த செடியை 40 டிகிரி வெயிலில் நிறுத்தியது என் பிழை.

செடியைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாகத் தொடங்குபவர்கள் துஜாவை வாங்குங்கள். சீனத்தைச் சேர்ந்தது என்றாலும் நம் சமவெளிக்குப் பழகிய செடி. தொட்டியிலும் வளரும், வேலியாகவும் நிற்கும். அடுத்தது, கிறிஸ்துமஸ் மரம் என்று நர்சரிகளில் விற்கும் அரக்கேரியா. பிற்பகலில் நிழல் விழும் இடமிருந்தால் போடோகார்பஸையும் வைக்கலாம். ஜூனிபரை இரண்டாம் ஆண்டில் யோசித்துக்கொள்ளலாம். (சவுக்கையும் சிலர் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பார்கள். அது பூக்கும் தாவரம், ஊசியிலை மரங்கள் பூப்பதில்லை. சவுக்கில் ஊசி இலை போலத் தெரிவதெல்லாம் பச்சைக் குச்சிகள்.)

வாங்கும்போது கிளைகளை விலக்கி உள்ளே பாருங்கள். அடிப்பக்கத்தில் சில இலைகள் பழுத்திருப்பது இயல்பு. நுனிகள் பழுப்பாக இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இடமும் குழியும்

காலை வெயில் வேண்டும். மேற்கு வெயில் நேராக அடிக்கக் கூடாது. மேற்குச் சுவரின் சூடு இரவு வரைக்கும் செடியை வாட்டும். அரக்கேரியாவைத் தரையில் வைப்பதானால் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி நடுங்கள், மேலே மின்கம்பி இருக்கக் கூடாது. அரக்கேரியாவில் பசிபிக் கடலின் நார்ஃபோக் தீவைச் சேர்ந்த வகை, தன் மண்ணில் 50 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது.

ஆடி மாதத்துக்குப் பிறகு, மழை பிடிக்கும் நேரத்தில் நடுவது நல்லது. இரண்டடிக்கு இரண்டடி குழி வெட்டி, அதில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அங்கே குழியில் நடாமல், மண்ணை மேடாகக் குவித்து அதன்மேல் நடுங்கள். வெட்டிய செம்மண்ணில் பாதி, மீதிக்கு மணலும் மக்கிய தொழு உரமும் போதும். பச்சைச் சாணத்தைப் போட்டால் வேர் வெந்துவிடும். பையைக் கிழித்து, வேர்மண் உதிராமல் இறக்குங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, தரையிலும் அதே மட்டம்தான். தண்டைப் புதைக்க வேண்டாம்.

தண்ணீர்

பெரும்பாலான செடிகள் இங்கேதான் சாகின்றன. செம்பருத்திக்குத் தாகம் எடுத்தால் இலையைத் தொங்கவிட்டுக் கேட்கும். துஜா கேட்காது. வேர் காய்ந்த பிறகும் பல நாள் பச்சையாகவே நிற்கும். பழுப்பு தெரியும்போது காலம் கடந்திருக்கும், பழுத்த கிளை மறுபடி பச்சையாகாது. ஆகவே இலையை நம்பாமல் மண்ணை நம்புங்கள். விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் வேர் ஆழம் வரை நனையும்படி ஊற்றுங்கள், ஈரம் இருந்தால் குவளையைக் கீழே வைத்துவிடுங்கள். பயத்தில் தினமும் ஊற்றினால் வேர் அழுகும், அப்போதும் அதே பழுப்புதான் வரும்.

ஆழ்துளைக் கிணற்றில் உப்பு அதிகமாக இருந்தால் நுனி கருகும். மழைநீர் பிடித்து வைத்தால் செடிக்கு நல்லது. வேர்ப்பகுதியில் நிலக்கடலைத் தோலையோ தென்னை மட்டையையோ ஈரம் காக்கும் மூடாக்காகப் பரப்பலாம், தண்டை ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு. மே மாதம் மட்டும் பச்சை நிழல்வலை கட்டிவிடுங்கள்.

கத்தரியும் பூச்சியும்

துஜாவின் பச்சை நுனிகளை மட்டும் கத்தரிக்கலாம். இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டினால் அங்கே மறுபடி துளிர்க்காது. அரக்கேரியாவின் உச்சியைத் தொடவே கூடாது. கிளைகளின் அந்த அழகான அடுக்கு குலைந்துவிடும். பக்கக் கிளையை ஒடித்து நட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். வேர் பிடித்தாலும் அது பக்கவாட்டிலேயே வளரும், நிமிராது.

வெயில் காலத்தில் இலை மங்கி, தூசி படிந்தது போலத் தெரிந்தால் வெள்ளைத்தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அது சிலந்திப்பேன். பூச்சிமருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் குழாயை வேகமாகத் திறந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி ஒரு வாரம் காலையில் பீய்ச்சுங்கள்.