பழைய ரேடியோகிராமைப் பாட வைப்பது எப்படி? முதலில் பிளக்கைச் சொருகாதீர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குள் ஒரு சுற்று வந்தால், தேக்குத் தூண்கள், எனாமல் தூக்குச்சட்டிகள், ரவி வர்மா படங்களுக்கு நடுவே நீளமான ஒரு மரப்பெட்டி கண்ணில் படும். பெரும்பாலும் அதன் மேல் பித்தளைக் குடம் அடுக்கியிருப்பார்கள். குடங்களை இறக்கி மூடியைத் தூக்கினால் ஒரு பக்கம் ரேடியோ, மறுபக்கம் இசைத்தட்டு சுழலும் மேடை, கீழே இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். இதுதான் ரேடியோகிராம். மலேயா, சிங்கப்பூர், கொழும்பு என்று கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன குடும்பங்கள் வாங்கி வந்தவை, வீடு பங்கு பிரிக்கும்போது இப்படித் தெருவுக்கு வருகின்றன என்று கடைக்காரர்கள் சொல்வார்கள்.

நான் இதுவரை மூன்று பெட்டிகளைச் சரிசெய்திருக்கிறேன். முதல் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஆசையில் பிளக்கைச் சொருகினேன். அரை நிமிடம் பச்சை விளக்கு எரிந்தது, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம், அப்புறம் தார் உருகும் வாசனை. டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. அதே அளவில் வேறொன்று கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. அதனால் இந்தப் பதிவு முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: மின்சாரம் கொடுப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

கடையில் பார்க்க வேண்டியவை

"ஓடுது அண்ணே, போட்டுக் காட்டவா?" என்று கடைக்காரர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பின்பக்க அட்டையை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். கையில் ஒரு டார்ச் இருக்கட்டும்.

முதலில் கரையான். செட்டிநாட்டில் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அதிகம், தரையோடு ஒட்டியிருந்த பெட்டியின் அடிப்பலகையை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் விலையைப் பாதியாகக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அடுத்து வோல்டேஜ். பின்னால் 110, 127, 220, 240 என்று மாற்றும் திருகு இருந்தால் நல்லது. வெறும் 110 என்று மட்டும் எழுதிய அமெரிக்கப் பெட்டியானால் தனி டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதோடு அதன் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது என்பதால், நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துதான் சுற்றும். புதிதாகக் கற்பவர்கள் அதைத் தவிர்க்கலாம்.

வால்வுகள் (ரேடியோவுக்குள் சொருகியிருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா, திருகுகள் முழுதாக இருக்கின்றனவா, டயல் கண்ணாடி உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வால்வு இன்றும் கிடைக்கும். உடைந்த டயல் கண்ணாடி கிடைக்காது. 'ஸ்டீரியோ' என்று எழுதியிருந்தால் பெட்டி 1958 அல்லது அதற்குப் பிறகு வந்தது என்று கொள்ளலாம், ஸ்டீரியோ எல்.பி. தட்டுகள் அந்த ஆண்டில்தான் விற்பனைக்கு வந்தன.

வண்டியில் ஏற்றும் முன் டோன் ஆர்மை, அதாவது முள்ளைத் தாங்கும் கையை, அதன் தாங்கியில் ஒரு துணி நாடாவால் கட்டுங்கள். பெட்டியைப் படுக்க வைக்க வேண்டாம்.

திறந்து, துடைத்து, படம் எடுப்பது

முகமூடி போட்டுக்கொண்டு, திறந்த முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள். காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷும் வாக்யூம் கிளீனரும் போதும். என் மூன்றாவது பெட்டியில், இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் வரிசையாக ஏழு பல்லி முட்டை ஓடுகள், சட்டை பட்டன் மாதிரி மரத்தில் ஒட்டிக் கிடந்தன. வால்வுகளுக்கு நடுவே எலி சேர்த்து வைத்த பஞ்சு. மின்சாரம் கொடுத்திருந்தால் அந்தப் பஞ்சுதான் முதலில் பற்றியிருக்கும்.

எதைக் கழற்றினாலும் அதற்கு முன் செல்போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு வயருக்கும் சிறு துண்டு காகித டேப் ஒட்டி எண் எழுதுங்கள். வால்வுகளை எந்தக் குழியிலிருந்து எடுத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வால்வின் கண்ணாடி மேல் உள்ள எழுத்தைத் துடைக்காதீர்கள், ஈ.எல்.84, ஈ.சி.சி.83 என்ற அந்தப் பெயர் அழிந்துவிட்டால் எது எதுவென்று பிறகு தெரியாது. டயல் கண்ணாடிக்கும் இதே எச்சரிக்கைதான். ஊர்ப் பெயர்கள் அச்சாகியிருப்பது கண்ணாடியின் உள்பக்கம். அங்கே ஈரத்துணி பட்டால் போதும், பெர்லினும் கொழும்பும் துணியோடு வந்துவிடும். முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள்.

சேசிஸை, அதாவது பாகங்கள் எல்லாம் பொருத்தியிருக்கும் உலோகச் சட்டத்தை, வெளியே எடுத்துத் திருப்பியபோது இன்னொன்றும் கண்டேன். ஒரு கண்டென்சரின் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) மேல் பென்சிலில் '14-3-71' என்று எழுதியிருந்தது. யாரோ ஒரு மெக்கானிக், மாற்றிய தேதியைக் குறித்து வைத்திருக்கிறார். அன்றிலிருந்து நானும் மாற்றும் ஒவ்வொன்றிலும் தேதி எழுதுகிறேன். நாளை இதைத் திறப்பவருக்கு அது உதவும்.

உயிருக்கு ஆபத்தான பகுதி

வால்வு செட்டுக்குள் 250 முதல் 300 வோல்ட் டி.சி. ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் அது தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் உறை போட்ட இரண்டு வயர் கிளிப்புகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேசிஸில் ஒரு கிளிப், கண்டென்சரின் பிளஸ் முனையில் ஒரு கிளிப், கால் நிமிடம் விடுங்கள். அப்புறம் மல்டிமீட்டரில் பூஜ்யத்துக்கு அருகில் வந்ததா என்று பார்த்த பிறகே கை வையுங்கள். ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும், "இப்போதுதானே செய்தோம்" என்று விடக்கூடாது.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை காலுக்குக் குளிர்ச்சிதான், ஆனால் வெறுங்காலோடு அதில் நின்று இந்த வேலையைச் செய்யாதீர்கள். மரப்பலகையோ ரப்பர் விரிப்போ போட்டு, செருப்புடன் நில்லுங்கள். மின்சாரம் இருக்கும்போது அளவெடுக்க நேர்ந்தால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

இன்னொரு சோதனை. பிளக் சுவரில் இல்லாதபோது, பெட்டியின் சுவிட்சை 'ஆன்' செய்து, பிளக்கின் ஒவ்வொரு முள்ளுக்கும் சேசிஸுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். தொடர்பே இல்லை என்று காட்ட வேண்டும். குறைந்த ஓம் காட்டினால் வீட்டு மின்சாரம் நேராகச் சேசிஸுக்கு வருகிற வகை. அதைப் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் கொடுங்கள், நீங்கள் தொட வேண்டாம். சால்டரிங் பழக்கமே இல்லாதவர்களும் ஒரு மாதம் சின்னக் கிட்டுகளில் கைப்பழகிவிட்டு வருவது நல்லது.

கண்டென்சர்களை மாற்றுவது

மொத்த வேலையில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

வயதான பெட்டியில் பழுதாவது பெரும்பாலும் வால்வு இல்லை, கண்டென்சர்தான். இரண்டு வகையைக் கவனியுங்கள். ஒன்று, மெழுகோ தாரோ பூசிய காகிதக் கண்டென்சர்கள். நம் ஊர் வெயிலில் மெழுகு உருகி வழிந்திருக்கும். மற்றது, உருளை டப்பா மாதிரி இருக்கும் எலக்ட்ரோலிட்டிக், உள்ளே இருக்கும் ரசாயனம் காய்ந்துபோயிருக்கும். பீங்கான், மைக்கா வகைகள் பொதுவாக நன்றாகவே இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள்.

காகிதக் கண்டென்சர்களில் மிக முக்கியமானது, கடைசி வால்வுக்கு ஒலியைக் கொண்டுபோகும் கப்ளிங் கண்டென்சர். அது ஒலியை மட்டும் விட்டு டி.சி.யைத் தடுக்க வேண்டும். பழசானால் டி.சி. கசிந்து ஈ.எல்.84 வால்வின் இரண்டாவது காலுக்கு வரும். உடனே வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், உள்ளே இருக்கும் தகடு சிவந்து பழுக்கும், கூடவே ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் வெந்துவிடும். சில ரூபாய்ப் பொருள் கெட்டதால் வாங்கவே முடியாத பொருள் போகிறது. ஸ்டீரியோ பெட்டியானால் இடம், வலம் இரண்டு பக்கமும் இது இருக்கும். சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

பழைய கண்டென்சரில் 10000 பி.எஃப். என்று இருந்தால் அது 0.01 மைக்ரோபாரட். 22000 என்றால் 0.022. அதே அளவில், 630 வோல்ட் பிலிம் கண்டென்சர் வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாமே கிடைக்கும். மெயின்ஸ் வயருக்குக் குறுக்கே இருக்கும் கண்டென்சருக்கு மட்டும் 'எக்ஸ்2' என்று அச்சிட்ட பாதுகாப்பு வகைதான் போட வேண்டும்.

எலக்ட்ரோலிட்டிக்கில் பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். 50 மைக்ரோபாரட், 350 வோல்ட் இருந்த இடத்தில் 47 மைக்ரோபாரட், 450 வோல்ட் போடலாம். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று 100, 200 போட்டால் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ஈ.இசட்.81 போன்ற ரெக்டிபயர் வால்வு தாங்காது. பழைய டப்பாவைக் கழற்றி எறியாமல், இணைப்பை மட்டும் துண்டித்து மேலே அப்படியே விட்டுவிட்டு, புதியதைச் சேசிஸுக்கு அடியில் வையுங்கள். பார்வைக்குப் பெட்டி பழைய மாதிரியே இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பத்தையும் மொத்தமாக வெட்டி எடுத்தால் எது எங்கே போக வேண்டும் என்று திணறுவீர்கள்.

ஜெர்மன் பெட்டிகள் சிலவற்றில் ரெக்டிபயர் வால்வுக்குப் பதில் தட்டையான செலினியம் ரெக்டிபயர் இருக்கும். அது கெட்டால் வரும் புகை நாற்றம் மட்டுமில்லை, விஷமும் கூட. சிலிக்கான் பிரிட்ஜ் போட்டு, கூடுதலாக வரும் வோல்டேஜைக் குறைக்க ஒரு ரெசிஸ்டரும் சேர்க்க வேண்டும். அதன் அளவைத் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக மெயின்ஸ் வயர். துணி சுற்றிய ரப்பர் வயரை மடக்கினால் முறுக்கு மாதிரி நொறுங்கும். புது வயரும் ஃபியூஸும் போடுங்கள்.

முதல் முறை மின்சாரம்

எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு தெரியுமா? பெட்டிக்குப் போகும் லைனில் ஒரு குண்டு பல்பு சீரிஸில் இருக்கும், பெட்டிக்குப் போகும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகும். 60 வாட் போதும், எல்.இ.டி. உதவாது. வோல்டேஜ் திருகை 240இல் வையுங்கள், நமக்கு வருவது 230 என்றாலும் இரவில் ஏறும். ஸ்பீக்கர்கள் இணைப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள், ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு செட்டை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குக் கேடு.

சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்ல சகுனம். மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். வால்வுகள் சூடேற அரை நிமிடம் ஆகும். அப்போது கடைசி வால்வின் இரண்டாவது காலில் சேசிஸுக்கு எதிராக அளந்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். சரி என்றால் பல்பை நீக்கி நேராக ஓட்டலாம், முதல் நாள் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ரேடியோவின் முன்பக்கத் திருகைத் திருப்பும்போது கரகரத்தால் அணைத்துவிட்டு, அந்தத் திருகுக்குள்ளும் அலைவரிசை மாற்றும் பேண்ட் சுவிட்சிலும் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை முன்னும் பின்னும் திருப்புங்கள். மீடியம் வேவில் திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ். முற்றத்தின் குறுக்கே பத்து மீட்டர் வயர் கட்டி ஏரியல் முனையில் சேர்த்தால் நன்றாக எடுக்கும். யூ.கே.டபிள்யூ. என்று எழுதியிருப்பதுதான் எஃப்.எம். சில பழைய டயல்கள் 100 மெகாஹெர்ட்ஸிலேயே முடிந்துவிடும், கோடை பண்பலையின் 100.5 வலது ஓரத்தை ஒட்டித்தான் வரும்.

தட்டு சுழலும் பகுதி

இதில் பெரும்பாலும் பழைய கிரீஸ்தான் வில்லன், மெழுகு போல இறுகியிருக்கும். மேடையைத் தூக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்து, மோட்டார் அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். மோட்டாருக்கும் மேடைக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் சக்கரம் வழுவழுவென்று இறுகியிருந்தால் அதன் விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். அதில் எண்ணெய் படவே கூடாது. வேகம் பார்க்க, தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு வைத்து எண்ணுங்கள்: 33⅓ வேகத்தில் மூன்று நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று.

மேடை சுற்றியும் சத்தம் வரவில்லையென்றால் முள்ளின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜைச் சந்தேகியுங்கள். பழைய கிரிஸ்டல் வகைக்குள் இருப்பது ரோஷெல் உப்பு, அது ஈரத்தில் கரைந்துவிடும். பதிலுக்கு செராமிக் வகை போடலாம். திருப்பிப் போடும் முள்ளில் 78 தட்டுக்குத் தடித்த பக்கம், எல்.பி.க்கு மெல்லிய பக்கம். மாற்றிப் போட்டால் தட்டு வீணாகும். 78 தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது. அவை அரக்கு, கரைந்துபோகும்.

மரம்

கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அவலரக்குப் பாலிஷ், நம் ஆசாரியே அதே முறையில் புதுப்பித்துவிடுவார். அசையாமல் இருந்தால் கடினமான லேக்கர், அதை வெறும் மெழுகு போட்டுத் துணியால் தேய்த்தாலே பளபளக்கும். மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாளான வெனீர் எழும்பி நின்றால், அதற்கு உள்ளே சிரிஞ்சில் மரப்பசை ஏற்றி, மேலே பலகை வைத்து, அம்மிக்குழவியைப் பாரமாக ஏற்றி ஒரு நாள் விடுங்கள். எமரித்தாளைக் கையில் எடுக்காதீர்கள், வெனீர் காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன்.

வீட்டில் வைக்கும்போது சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், வால்வுகளின் சூடு பின்பக்கமாகத்தான் வெளியேறும். கால்களுக்கு அடியில் கல்துண்டு கொடுத்தால் கரையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது அரைமணி நேரம் ஓட விடுங்கள். மேலே குடம் வேண்டாம்.